வேலைநிறுத்தம் செய்த கடவுள்கள்

வெள்ளக் கதை எந்த மதத்துக்குச் சொந்தம் என்று மறுபடியும் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. பைபிளில் வரும் நோவாவின் பேழைக்கு முன்பே மெசொப்பொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக் பகுதியில், அந்தக் கதை இருந்ததா, யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று ஆளுக்கொரு வாதம். இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. 1872இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் ஸ்மித் வெள்ளக் கதை எழுதிய ஒரு களிமண் பலகையைப் படித்த நாளிலிருந்து இந்த வழக்கு முடியவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. ஏனென்றால், வெள்ளத்தில் தப்பிப் பிழைத்த அத்ரகசிஸ் என்பவனின் பெயரால் வழங்கும் பாபிலோனியக் கதையில் வெள்ளம் மூன்றாவது பலகையில்தான் வருகிறது. முதல் பலகை பக்கம் யாரும் போவதாகவே தெரியவில்லை.

சட்டத் தொகுப்புக்குப் பேர்போன அரசன் ஹம்முராபியின் வழியில் வந்த அம்மி-சதூகா பாபிலோனை ஆண்ட கி.மு. 17ஆம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்ட பலகைகள் அவை. மொழி அக்காதியம். மனிதனே பிறக்காத காலத்தில் கதை தொடங்குகிறது. வேலையெல்லாம் கடவுள்கள் தலையில். வேலை என்றால் மண் வேலை. இகிகி எனப்படும் கீழ்நிலைக் கடவுள்கள் கால்வாய் வெட்டிக் கூடை சுமக்கிறார்கள். டைக்ரிஸ், யூப்ரடீஸ் நதிகளை வெட்டியதே அவர்கள்தான். ஒரு நாள் பொறுமை போய், மண்வெட்டிகளையும் கூடைகளையும் தீயில் போட்டுவிட்டு, நள்ளிரவில் தலைவன் என்லிலின் வீட்டைச் சூழ்ந்துகொள்கிறார்கள். தூண்டிவிட்டவன் யார் என்று கேட்டு என்லில் ஆள் அனுப்புகிறான். ‘நாங்கள் எல்லோரும்தான்’ என்று பதில் வருகிறது. தொழிற்சங்கத்தில் நாலு நாள் இருந்தவனுக்கு இந்தக் கேள்வியும் தெரியும், இந்தப் பதிலும் தெரியும்.

என்லில் அழுகிறான். பேச்சுவார்த்தை நடக்கிறது. ஒரு கடவுளைக் கொன்று, அவனுடைய இரத்தத்தையும் சதையையும் களிமண்ணோடு பிசைந்து மனிதனைச் செய்கிறார்கள். கூடை கைமாறுகிறது. அதோடு பிரச்சினை தீர்ந்தது, அவர்களுக்கு.

இந்தக் கதையை ஆற்றங்கரையில் வைத்துப் படிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆற்றை வைத்து விளக்கிவிட முடியாதுதான், ஆனாலும் தெற்கு மெசொப்பொத்தேமியாவில் மழையை நம்பி விதைக்க முடியாது. வெட்டிய கால்வாயில் வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும். தூர் வாராவிட்டால் வயல் காயும். எகிப்தில் நைல் கோடையில் பெருகி வடிந்த பிறகு, ஈர மண்ணில் விதைத்தார்கள். இங்கே மலைகளில் பனி உருகி, பார்லி அறுவடைக்கு நிற்கும் ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளம் வரும். ஹம்முராபி தன் ஆட்சியின் 33ஆம் ஆண்டுக்கு, அவன் வெட்டிய கால்வாயின் பெயரையே வைத்தான். ‘ஹம்முராபி மக்களின் வளம்’ என்பது அந்தக் கால்வாயின் பெயர். வெட்டியவர்களின் முதுகைப் பற்றி அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. முதல் பலகையில்தான் இருக்கிறது, அதுவும் கடவுள்களின் வாயால்.

கைமாறியது கூடை மட்டுமல்ல. கடவுளுக்குச் சோறு போடுவதும் மனிதன் தலையில் விழுந்தது. ஊருக் நகரத்துக் கோயிலில் பிற்காலத்தில் எழுதி வைத்த ஒழுங்குப்படி தெய்வங்களுக்கு நாளுக்கு நான்கு வேளை சாப்பாடு, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. அதே ஊரில் கி.மு. 3300ஐ ஒட்டிக் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் பெரும்பாலானவை தானியம், ஆடு, பீர் என்று கணக்குகளே. ‘ஆதி மனிதன் இயற்கைக்குப் பயந்து கும்பிட்டான்’ என்று ஒரே வரியில் மதத்தை முடித்துவிடும் பகுத்தறிவு நண்பர்கள் இந்தக் கணக்குகளை ஒருமுறை பார்க்கலாம். பயந்தவனின் புலம்பலாக எனக்கு அவை படவில்லை. பண்டகசாலைக் காப்பாளனின் பேரேடாகத்தான் படுகின்றன.

சரி, வெள்ளத்துக்கு வருகிறேன். மனிதர்கள் பெருகிச் சத்தம் போடுகிறார்கள், என்லிலுக்குத் தூக்கம் போகிறது. பாவம், ஒழுக்கக்கேடு எதுவும் காரணமில்லை, வெறும் இரைச்சல். முதலில் கொள்ளைநோயை ஏவுகிறான். அப்போது என்கி என்ற தந்திரக்காரக் கடவுள் அத்ரகசிஸிடம் சொல்லும் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது: வேறு எந்தத் தெய்வத்தையும் கும்பிடாதீர்கள், நோயை நடத்தும் நம்தாரின் வாசலுக்கு மட்டும் சுட்ட ரொட்டி கொண்டுபோங்கள், அவன் வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொள்வான். எடுத்துக்கொள்கிறான். பிறகு என்லில் மழையை நிறுத்தியபோது மழைத் தெய்வம் அதாதிடமும் இதே வித்தை பலிக்கிறது. மேலதிகாரி போட்ட உத்தரவை, கோப்பு யார் மேசையில் இருக்கிறதோ அவரைப் பார்த்துச் சரிக்கட்டுவது.

கடைசியில்தான் ஏழு நாள் வெள்ளம். படையல் வைக்க ஆளில்லாமல் கடவுள்கள் பசியிலும் தாகத்திலும் உதடு வெடித்துக் கிடக்கிறார்கள். தப்பிப் பிழைத்த அத்ரகசிஸ் படையல் போட்டதும் வாசனை பிடித்து ஈக்களைப் போல மொய்க்கிறார்கள். மனிதன் இல்லாவிட்டால் பட்டினி என்று அப்போதுதான் உறைக்கிறது.

ஆனால் என்லிலுக்குத் தூக்கம் வேண்டுமே. அதனால் இன்னொரு ஒப்பந்தம்: இனிச் சில பெண்கள் பிள்ளை பெறமாட்டார்கள், சிலர் பெறக் கூடாத பூசாரிணிகளாக இருப்பார்கள், பெற்றவள் மடியிலிருந்து குழந்தையைப் பறித்துப்போக பாஷித்து என்றொரு பேய் இருக்கும். பேழை யாருடையது என்று அடித்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் இந்த இடம் வரை படித்தார்கள் என்று தெரியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த சுமேரியத் தாயோ பாபிலோனியத் தாயோ இந்தக் கதையைக் கேட்டிருந்தால், அவள் காத்திருந்தது வெள்ளத்துக்காக அல்ல, இந்த வரிகளுக்காக என்றே நினைக்கிறேன்.