ஆர்சி நம்மிடம் இருந்தால் போதுமா?

போன வாரம் வாடிப்பட்டியில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த ஆர்சி கார்டை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, எடுத்துக் காட்டினார். "வண்டிதான்டா அவன்கிட்ட இருக்கு, ஆர்சி நம்மகிட்டதான இருக்கு?" என்றார். மேசை மேல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் சம்மன் கிடந்தது.

தன் பழைய காரை மேலூர்ப் பக்கம் தெரிந்த ஒருவருக்கு 1,80,000 ரூபாய்க்குக் கொடுத்தார். கையில் 60,000, மீதி மாதம் 10,000. வெள்ளைத்தாளில் எழுதி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. பணம் முழுசாக வந்த பிறகு பெயர் மாற்றலாம் என்று பேச்சு. ஐந்து தவணை சரியாக வந்தது, ஆறாவது மாதம் போனே எடுக்கவில்லை. அப்புறம் இந்தச் சம்மன். நத்தம் ரோட்டில் அந்த கார் மொபெட்டில் போன ஒருவரை இடித்துக் கால் முறிந்துவிட்டது. இன்சூரன்ஸும் நடுவில் முடிந்திருந்தது. வாங்கியவர் கட்டுவார் என்று சித்தப்பாவும், பேர் சித்தப்பாவுடையதுதானே என்று வாங்கியவரும் விட்டுவிட்டார்கள். சித்தப்பாவுக்கு வரவேண்டிய பாக்கி 70,000. கேட்டிருக்கும் இழப்பீடு எட்டு லட்சம்.

பாக்கிக்கு ஈடாக ஆர்சியைப் பிடித்து வைக்கும் இந்தப் பழக்கத்தை நாம் விட்டே ஆகவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர். 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தும், பதிவில் பெயர் இருந்தவரே பொறுப்பு என்று தீர்ப்பு. அடிபட்டுக் கிடப்பவர், வண்டி யார் யாரிடம் போனது என்று தேடி அலையக்கூடாது என்பதுதான் காரணம். அது நியாயம்தான். அந்த மொபெட்காரர் மேல் எனக்குக் கோபமே இல்லை.

சரி, ஆர்சி இருப்பதால் வண்டியையாவது திரும்ப எடுக்கலாமா? ஸ்பேர் சாவியோடு ராத்திரி மேலூர் போய் ஓட்டிவந்துவிடலாம் என்று தம்பி கிளம்பினான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். 1930-ம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, நிபந்தனை ஏதும் போடாமல் விற்றிருந்தால், பணம் தவணையில் வந்தாலும் உரிமை வாங்கியவருக்குப் போய்விடும். "கடைசித் தவணை வரை உரிமை விற்பவருக்கே" என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. பாக்கிக்கு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். சாவி போட்டு எடுத்து வந்தால் திருட்டுப் புகார் நம் மேல் வரும்.

என்னைக் கேட்டால், வாங்குபவர் ஃபைனான்ஸ் போட்டுக்கொள்ளட்டும். நமக்கு மொத்தப் பணமும் வந்துவிடும், கடன் அவர் ஆர்சியில் ஏறிவிடும். அது முடியாது, தவணைதான் என்றால் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுப் பெயரை உடனே மாற்றுங்கள். நம் மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்பவர் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்குபவருக்கு 30 நாள். பாக்கிக்குத் தனி ஒப்பந்தம், சாட்சி, தேதியிட்ட செக். செக் திரும்பினால், பாங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் விடவேண்டும். பணம் கட்ட அவருக்கு 15 நாள். அந்த வழி சட்டத்தில் நன்றாகவே இருக்கிறது.

வாங்குபவர்களும் அசட்டையாக இருக்காதீர்கள். பாலிசி உங்கள் பெயருக்கு மாறாவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். தவணையை பாங்க் வழியாகவே கட்டுங்கள்.

வாங்கியவரையும் வழக்கில் சேர்க்க மனுப் போடலாம் என்கிறார் வக்கீல். அதற்கு விற்ற தேதி வேண்டும். வெள்ளைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், தேதியே போடவில்லை. அந்த 60,000-ஐ மறுநாளே கணக்கில் போட்டதாகச் சித்தப்பாவுக்கு ஞாபகம். நாளைக் காலையில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போகிறோம்.