பெய்ரூத்திலிருந்து திரும்பிய கப்பல்கள்

1983 டிசம்பர் 7 அன்று, லெபனான் தலைநகர் பெய்ரூத்தில் அமைதிப் பணியில் இருந்த அமெரிக்க மரைன் வீரர்களை ஏற்றிக்கொண்டு, வட கரோலினா மாநிலத்தின் மோர்ஹெட் சிட்டி துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. 24ஆவது மரைன் படைப்பிரிவைச் சேர்ந்த அவர்கள் அந்த ஆண்டு மே மாதம் ஊரை விட்டுப் போனவர்கள். சேர்ந்து போனவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் அந்தக் கப்பல்களில் இல்லை. அவர்களுடைய உடல்கள் அக்டோபர் இறுதியிலிருந்தே அமெரிக்காவின் டோவர் விமானப்படைத் தளத்துக்கு விமானங்களில் வரத் தொடங்கியிருந்தன. உயிர் பிழைத்தவர்களோ இன்னொரு படைப்பிரிவு வந்து பொறுப்பேற்கும் வரை, அக்டோபர் குண்டுவெடிப்பில் நண்பர்கள் புதைந்துபோன இடிபாடுகளுக்கு அருகிலேயே காவல் பணியைத் தொடர்ந்தார்கள். நவம்பர் 19இல்தான் அவர்களுக்கு விடுவிப்பு கிடைத்தது.

அமைதிப்படை வீரர்கள் ஊர் திரும்பும்போது அவர்களை அன்போடு வரவேற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த வரவேற்பு, அவர்களை அனுப்பியவர்கள் மீதான கேள்விகளை அமுக்கிவிடும் மேளச் சத்தமாக மாறக் கூடாது என்றும் உறுதியாக நினைக்கிறேன். இதைச் சொல்வதற்குப் பெய்ரூத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1982 ஆகஸ்டில் பிரெஞ்சு, இத்தாலிய வீரர்களோடு சேர்ந்த பன்னாட்டுப் படையின் பகுதியாக, மரைன் வீரர்கள் இந்தப் பணிக்காக முதன்முறை பெய்ரூத்தில் இறங்கியபோது அவர்களுக்கு வரையறுத்த வேலை ஒன்று இருந்தது: பாலஸ்தீன விடுதலை இயக்கப் போராளிகள் நகரை விட்டுப் பாதுகாப்பாக வெளியேற உதவுவது. அந்த வேலை முடிந்ததும் செப்டம்பர் 10இல் கப்பலேறிவிட்டார்கள். நான்கு நாட்களில் லெபனானின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பஷீர் ஜெமாயில் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து சப்ரா, ஷத்திலா பகுதிகளில் பாலஸ்தீன அகதிகள் படுகொலை செய்யப்பட்டார்கள். அந்த அதிர்ச்சியில் மாத இறுதியில் மரைன்கள் மறுபடியும் இறக்கப்பட்டபோது அவர்களிடம் தரப்பட்ட வேலை மிக மங்கலானது. விமான நிலையத்தைச் சுற்றி இருந்துகொண்டு, லெபனான் அரசு காலூன்றத் துணையாக நிற்க வேண்டும் என்பதற்கு மேல் யாராலும் அதை விளக்க முடியவில்லை. ஐ.நா. கொடியும் இல்லை, கண்காணிப்பதற்கு எல்லாத் தரப்பும் ஏற்ற ஓர் உடன்பாடும் இல்லை.

ஒரு தரப்போடு நிற்கும் படையை மற்றத் தரப்புகள் எத்தனை நாள் நடுநிலையாளர்களாகப் பார்ப்பார்கள்? 1983 செப்டம்பர் 19இல், மலைப்பகுதியில் போரிட்டுக்கொண்டிருந்த லெபனான் ராணுவத்துக்கு ஆதரவாக அமெரிக்கப் போர்க்கப்பல்கள் குண்டு வீசின. இதற்கான விலையைத் தரையில் இருக்கும் தன் வீரர்கள்தான் கொடுக்க நேரும் என்று படைப்பிரிவின் தளபதி கர்னல் டிமோத்தி ஜெராட்டி அஞ்சினார். அவர் அஞ்சியதுபோலவே நடந்தது. அக்டோபர் 23, ஞாயிறு காலை 6.22 மணிக்கு, வெடிமருந்து நிரப்பிய லாரி ஒன்று மரைன்கள் உறங்கிக்கொண்டிருந்த கட்டடத்துக்குள் புகுந்து வெடித்தது. வாயிலில் நின்ற காவலர்களின் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் அடங்கிய மேகசின் பொருத்தப்பட்டிருக்கவில்லை. அதுதான் அவர்களுக்கு இடப்பட்டிருந்த உத்தரவு. இறந்த 241 பேரில் 220 பேர் மரைன்கள். சில நிமிடங்களில் நடந்த இன்னொரு தாக்குதலில் பிரெஞ்சு வீரர்கள் 58 பேர் இறந்தார்கள்.

அதே பன்னாட்டுப் படையில் இருந்த இத்தாலியர்களைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஜெனரல் பிராங்கோ ஆஞ்சோனியின் தலைமையில் இருந்த அந்தப் படையில் சான் மார்கோ பிரிவின் கடற்படை வீரர்களும் இருந்தார்கள். அகதி முகாம்களைச் சுற்றி ரோந்து போவது, கள மருத்துவமனை நடத்தி உள்ளூர் மக்களுக்குச் சிகிச்சை அளிப்பது என அவர்களுடைய வேலை அன்றாடம் கண்ணில் படுவதாக இருந்தது. 1984 பிப்ரவரியில் அவர்கள் கிளம்பியபோது, அந்தப் படை இழந்திருந்தது ஒரே ஒருவரை. அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம். ஆனாலும் யாரைக் காக்க வந்திருக்கிறோம் என்பது தெளிவாக இருந்த படைக்கும், தெளிவாக இல்லாத படைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடக் கண்கூடாகக் காட்ட முடியாது.

கப்பல் பயணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெய்ரூத்திலிருந்து வட கரோலினா வரை கடலில் கழிந்த நாட்கள் அந்த இளைஞர்களுக்குத் தேவையான நாட்கள் என்றே நான் கருதுகிறேன். என்ன நடந்தது என்பதை விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்ளக்கூடியவர்கள் பக்கத்துப் படுக்கையில் இருந்தார்கள். விமானத்தில் வந்திருந்தால் ஒரே நாளில், ஒன்றும் பேசித் தீராமல், வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள். மரைன்களின் கேம்ப் லெஜூன் தளத்தை ஒட்டிய ஜாக்சன்வில் நகர மக்களும் தங்கள் கடமையைச் செய்தார்கள்: இறந்தவர்களுக்காகச் சாலையோரம் மரங்கள் நட்டார்கள், நிதி திரட்டி 1986இல் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

அனுப்பியவர்கள் என்ன செய்தார்கள்? குண்டுவெடிப்புக்குப் பதினொரு நாட்களுக்கு முன், அக்டோபர் 12இல்தான், மரைன்கள் மேலும் பதினெட்டு மாதங்கள் அங்கே இருக்க அனுமதிக்கும் தீர்மானத்தில் அதிபர் ரீகன் கையெழுத்திட்டிருந்தார். எத்தனை மாதம் என்பதில் காட்டிய அக்கறையை எதற்காக என்பதில் அவர்கள் காட்டவில்லை. அட்மிரல் ராபர்ட் லாங் தலைமையிலான விசாரணைக் குழு, கட்டளைச் சங்கிலி நெடுகிலும் இருந்த தவறுகளைப் பட்டியலிட்டது. பழி தன்னையே சேரும் என்று டிசம்பர் 27இல் ரீகன் அறிவித்தார். கேட்பதற்குப் பெருந்தன்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன்பின் எவரும் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படவில்லை. பிப்ரவரி இறுதிக்குள் எஞ்சிய மரைன்களும் கப்பல்களுக்குத் திரும்பினார்கள்.

தமிழர்களான நமக்கு இந்தக் கதை தொலைவில் நடந்ததல்ல. 1990 மார்ச் 24இல் திருகோணமலையிலிருந்து கடைசியாகக் கிளம்பிய இந்திய அமைதி காக்கும் படையினர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவர் போயிருக்க வேண்டுமா என்று இன்றுவரை வாதாடுகிறோம். அந்தப் படை யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளையும் மருத்துவர்களையும் கொன்றது உண்மை; ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அந்த மண்ணில் மாண்டதும் உண்மை. இந்த இரண்டுக்கும் பொறுப்பேற்க வேண்டியவர்களாக டெல்லியில் இருந்தவர்களை நாம் கேட்டது மிகக் குறைவு.

இப்போது அதே லெபனானிலிருந்து இன்னொரு திரும்புதல் நடக்கவிருக்கிறது. 1978 முதல் அந்நாட்டின் தெற்கில் இருக்கும் ஐ.நா. படையின் பணியை 2026 டிசம்பர் 31உடன் முடித்துக்கொள்வதென்று பாதுகாப்பு அவை 2025 ஆகஸ்டில் தீர்மானித்தது. 1998 முதல் இந்திய வீரர்களும் அங்கே பணியாற்றி வருகிறார்கள். அவர்கள் வரும் நாளில் மாலைகள் தயாராக இருக்கட்டும். அந்த வாரமே நாடாளுமன்றத்தில், அவர்களுக்கு இடப்பட்ட பணி என்ன, அதில் எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை, ஏன் என்று எழுத்துபூர்வமான அறிக்கையையும் அரசு வைக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும்படி நம் தொகுதி உறுப்பினர்களை இப்போதே வற்புறுத்துவோம்.