ஒய் அமுக்கினால் ஏன் பில் வரவில்லை?

பில்லிங் மென்பொருள் எழுதுகிறவர்களோடு எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. பட்டனுக்கு என்ன நிறம், லோகோ எந்த மூலையில் என்று வாரக்கணக்கில் பேசுவார்கள். கீபோர்டைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. வேலூர் லாங் பஜாரிலோ, ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் மருந்துக்கடைகளிலோ, குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கடையிலோ போய்ப் பாருங்கள். கல்லாவில் இருப்பவர் மவுஸைத் தொடுவதே அபூர்வம். ஒரு கையில் சரக்கு, இன்னொரு கை நம்பர் பேடில், கண் வாடிக்கையாளர் மேல். அவருக்கு மென்பொருள் என்றாலே கீபோர்டுதான்.

மண்டித் தெரு மொத்தக்கடை ஒன்றுக்கு நான் சர்வீஸ் பார்க்கிறேன். மென்பொருள் வேறு ஒருவர் எழுதியது. அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஊசூர் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள்தான் வாடிக்கையாளர்கள். அவர்கள் பேரும் ஊரும் பில்லில் தமிழில் வர வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை, நியாயமான கட்டளை. பில் போடும் அக்கா தமிழ்99 விசைப்பலகையில் மடமடவென்று அடிப்பார். பேரை அடித்து முடித்ததும் ‘பிரிண்ட் எடுக்கவா? ஒய் / என்’ என்று ஒரு பெட்டி வரும். ஒய் என்றால் ஆம், என் என்றால் இல்லை. ஒய் அமுக்குவார். ஒன்றும் நடக்காது. மறுபடியும் அமுக்குவார். “தம்பி, திரும்பவும் தொங்கிடுச்சு” என்று போன் வரும். அதற்குள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மென்பொருளையே மூடியிருப்பார். போட்ட பில் போச்சு.

மென்பொருள் தொங்கவில்லை, காத்துக்கொண்டிருந்தது. தமிழ்99இல் ஒய் இருக்கும் இடம் ள, என் இருக்கும் இடம் ல. அக்கா தமிழில் பேர் அடித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறாமலே ஒய் விசையை அமுக்கினார். நிரலுக்குப் போய்ச் சேர்ந்தது ள. அது ஒய் என்ற எழுத்துக்காகத் தவம் கிடந்தது.

இது ஏன் நடக்கிறது என்று தெரிய, விண்டோஸ் ஒரு விசையை எப்படிக் கொண்டுவந்து சேர்க்கிறது என்று பார்க்க வேண்டும். விரல் பட்டதும் கீபோர்டு அனுப்புவது ஒரு ஸ்கேன் கோடு. விண்டோஸ் அதை விர்ச்சுவல் கீ என்ற எண்ணாக மாற்றுகிறது. ஒய்க்கு 89. அப்புறம் எந்த ஜன்னலில் போகஸ் இருக்கிறதோ, அதாவது அடிப்பதை எந்த ஜன்னல் வாங்குகிறதோ, அதன் செய்தி வரிசைக்கு டபிள்யூஎம்_கீடவுன் என்ற செய்தி போகிறது. நம் நிரலில் சுற்றிக்கொண்டே இருக்கும் லூப் கெட்மெசேஜ் மூலம் அதை எடுக்கிறது, டிரான்ஸ்லேட்மெசேஜ் என்ற பங்ஷனிடம் காட்டுகிறது, பிறகு டிஸ்பேட்ச்மெசேஜ் வழியாக, செய்திகளைக் கவனிக்கிற ஜன்னலின் புரொசீஜருக்குத் தள்ளுகிறது. நடுவில் காட்டினோமே, அந்த டிரான்ஸ்லேட்மெசேஜ்தான் ‘இப்போது எந்த மொழி விசைப்பலகை, ஷிப்ட் அமுக்கியிருக்கிறதா’ என்று பார்த்து, எழுத்து இதுதான் என்று டபிள்யூஎம்_சார் என்ற இன்னொரு செய்தியை வரிசையில் போடுகிறது. ஆக, ஒரே அமுக்கலுக்கு இரண்டு செய்திகள். முதலாவது எந்த விசை என்கிறது, இரண்டாவது எந்த எழுத்து என்கிறது.

பேர், முகவரி போன்றவற்றை வாங்க எழுத்துச் செய்தி. எஃப்2, அம்புக்குறி, டெலிட் போன்ற கட்டளைகளுக்கு விசைச் செய்தி. இந்த ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். ஒய் / என் பெட்டியை எழுதியவர் கட்டளையை எழுத்துச் செய்தியில் தேடினார். இதற்கு நேர் எதிராகச் செய்கிற புண்ணியவான்களும் உண்டு. கீடவுனில் வரும் 65ஐப் பார்த்து ‘ஏ’ என்று தாங்களே பெட்டியில் எழுதிவிடுவார்கள். அங்கே தமிழ் எந்த ஜென்மத்திலும் வராது.

சரி, ஒய்யைக் கீடவுனில் 89 என்று பார்த்தால் போதுமா? விண்டோஸோடு வரும் சாதாரணத் தமிழ் விசைப்பலகை என்றால் பெரும்பாலும் போதும். ஆனால் விசையை வழியில் மடக்கி, அதற்குப் பதிலாக யூனிகோடு எழுத்தை உள்ளே செலுத்துகிற மென்பொருள் வைத்திருந்தால் கீடவுனில் 89 வராது. விகே_பேக்கெட் என்று 231 வரும், பின்னாலேயே எழுத்துச் செய்தியில் ள வரும். எந்தக் கடையில் எதை நிறுவியிருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் தனி எழுத்து விசையைக் கட்டளையாக வைக்கவே கூடாது என்பது என் கட்சி. ஆம் என்றால் என்டர், இல்லை என்றால் எஸ்கேப். அவற்றுக்கு மொழி கிடையாது. ‘விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்து ஒய் / என் தானே’ என்று ஒரு நண்பர் வாதாடினார். டாஸ் காலத்தில் அந்தப் பெட்டிக்கு முன்னால் யாரும் தமிழ் அடிக்கவில்லை, ஐயா.

டாஸ் பழக்கம் என்றதும் எஃப்10 ஞாபகம் வருகிறது. பழைய கணக்கு மென்பொருள்களில் பழகிய பலர் சேமிக்க எஃப்10தான் கேட்பார்கள். புதிதாக எழுதுகிறவர் கீடவுனில் எஃப்10க்குக் காத்திருப்பார். வராது. அந்த விசை மெனுவுக்குப் போகும் விசை என்பதால் டபிள்யூஎம்_சிஸ்கீடவுன் என்று தனிச் செய்தியாக வரும். ஆல்ட் அமுக்கிக்கொண்டு அடிப்பவையும் அப்படித்தான். இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் சிலர் சிஸ்கீடவுன் மொத்தத்தையும் தங்களிடமே வைத்துக்கொண்டு, விண்டோஸின் வழக்கமான வேலையைச் செய்யும் டெஃப்விண்டோபுராக்குக்கு எதையும் அனுப்ப மாட்டார்கள். ஆல்ட்+எஃப்4 செத்துவிடும். நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிட வேண்டும். அதைக் கோடை காலத்தில் தண்ணி லாரியை மடக்குவது மாதிரி மடக்கிவைப்பது என்ன நியாயம்?

அடுத்தது அந்த ‘டிங்’. எத்தனை கடையில் கேட்டிருப்பீர்கள்! அளவு அடித்து என்டர் தட்டியதும் டிங், விலை அடித்து என்டர் தட்டியதும் டிங். நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். காரணம் சின்னது. என்டர் வந்தால் அடுத்த பெட்டிக்குப் போ என்று கீடவுனில் எழுதியிருப்பார்கள், சரியாகவே எழுதியிருப்பார்கள். ஆனால் கீடவுன் நம் புரொசீஜருக்கு வருவதற்கு முன்பே டிரான்ஸ்லேட்மெசேஜ் எழுத்துச் செய்தியை வரிசையில் போட்டாகிவிட்டது. கீடவுனுக்குச் சுழியம் திருப்பி அனுப்பினாலும் அது நிற்காது. ஒற்றை வரிப் பெட்டிக்கு 13 என்ற எழுத்து வந்து சேர்கிறது, என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டி டிங் என்கிறது. எழுத்துச் செய்தியில் 13ஐயும் விழுங்கிவிட்டால் சத்தம் போச்சு. டாட்நெட்டில் எழுதுகிறவர்களுக்கு சப்ரஸ்கீபிரஸ் என்று ஒரே வரி. பலரும் ஸ்பீக்கரைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள்!

விசையை விடாமல் பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் யாரும் பார்ப்பதில்லை. விண்டோஸ் அமைப்பைப் பொறுத்துக் கால் வினாடியிலிருந்து ஒரு வினாடிக்குள் கீடவுன் திரும்பத் திரும்ப வர ஆரம்பிக்கும். வயதான முதலாளி எஃப்8ஐ அழுத்தமாகவே அமுக்குவார். ஒரே பில் மூன்று தடவை பதிவாகும், ஸ்டாக்கில் மூட்டைகள் காணாமல் போகும், பழி குடோன் பையன் மேல் விழும். செய்தியோடு வரும் எல்பாராம் என்ற எண்ணில் 30ஆம் பிட்டைப் பார்த்தால் போதும். அது 1 என்றால் விசை ஏற்கெனவே அமுங்கித்தான் இருக்கிறது. சேமிப்பதற்கும் அச்சிடுவதற்கும் அதை ஒதுக்கிவிடலாம். அம்புக்குறிக்கு ஒதுக்கக் கூடாது, பட்டியலில் வேகமாக இறங்க அது வேண்டும்.

கேள்விக்குறி வியாதி வேறு. தமிழில் அடித்தால் ???? என்று வருகிறது என்று மருந்துக்கடை ஒன்றிலிருந்து புகார். ஜன்னலை யூனிகோடு அல்லாத பழைய ஆன்சி வடிவத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் எழுத்துச் செய்தி சிஸ்டத்தின் கோட்பேஜ் என்ற எழுத்துப் பட்டியல் வழியாகத்தான் வரும். விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு கோட்பேஜே கிடையாது. விண்டோஸ் 2000இல் தமிழ் வந்தபோதே யூனிகோடாகத்தான் வந்தது. 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6இன் டெக்ஸ்ட் பாக்ஸுக்கும் இதே கதிதான், அதை இன்னும் ஓட்டுகிற கடைகள் நம் பக்கம் உண்டு. ஜன்னல் பதிவு, லூப் இரண்டுமே அகல வடிவத்தில், அதாவது யூனிகோடு வடிவத்தில், இருக்க வேண்டும். எதையாவது ஒன்றை ஆன்சியில் விட்டால் மறுபடியும் கேள்விக்குறி.

கடைசியாக பார்கோடு ஸ்கேனர். கடைகளில் இருக்கும் பெரும்பாலான யுஎஸ்பி ஸ்கேனர்கள் விண்டோஸுக்கு இன்னொரு கீபோர்டாகத்தான் தெரியும். பார்கோடைப் படித்து, விசை விசையாக அடித்து, கடைசியில் ஒரு என்டரும் தட்டும். தமிழ் விசைப்பலகை ஆனில் இருக்கும்போது ஆங்கில எழுத்துள்ள கோடு ஒன்றை ஸ்கேன் செய்தால் பெட்டியில் தமிழ் எழுத்துக் கூட்டம் வந்து நிற்கும். வெறும் எண் கோடுகள் தப்பிக்கும், அதனால்தான் இந்தக் கோளாறு ‘சில சரக்குக்கு மட்டும்’ வருவது போலத் தெரிகிறது. ஸ்கேனரை மாற்றிப் பார்ப்பார்கள், கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள்.

இதற்கு ரா இன்புட் என்று ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்தே உண்டு. எந்தச் சாதனத்திலிருந்து விசை வந்தது என்று டபிள்யூஎம்_இன்புட் செய்தி சொல்லிவிடும், ஸ்கேனரை மட்டும் தனியாகப் பிரிக்கலாம். ஆனால் விசைகளை எழுத்தாக மாற்றும் வேலையை நாமே செய்ய வேண்டும், சாதாரண விசைச் செய்திகளும் கூடவே வந்துகொண்டிருக்கும். சின்னக் கடைக்கு அவ்வளவு தேவையில்லை. பார்கோடு பெட்டிக்குள் கர்சர் வந்ததும் ஆங்கில விசைப்பலகைக்கு மாற்றிவிட்டு, பேர் பெட்டிக்குப் போனதும் தமிழுக்குத் திருப்பினால் வேலை முடிந்தது. ஆக்டிவேட்கீபோர்டுலேஅவுட் என்று அதற்கு ஒரு பங்ஷன் இருக்கிறது. விண்டோஸில் நிறுவிய விசைப்பலகைக்கு மட்டும்தான் இது சரிப்படும். விசையை மடக்கும் மென்பொருளாக இருந்தால் அதை அதன் சொந்த ஷார்ட்கட்டில்தான் அணைக்க வேண்டும். அப்படிப்பட்ட கடைகளில் நான் முதலில் செய்வது, அதை எடுத்துவிட்டு விண்டோஸ் விசைப்பலகையைப் போட்டுத் தருவதுதான்.