கறுப்பு, வெள்ளை, சாம்பல்

(மேற்குக் கார்க்கில் கிளானகில்ட்டிக்கு அருகே ஒரு பண்ணை வீடு. புட்டிங் என்றதும் குழைவான இனிப்பு நினைவுக்கு வந்தால், அதை மறந்துவிடுங்கள். அயர்லாந்தில் அது குடலில் அடைத்து வேகவைக்கும் பண்டமும்கூட. ரத்தம் சேர்ந்தால் கறுப்பு, சேராவிட்டால் வெள்ளை. மைக்கேல் பணி ஓய்வு பெற்று மூன்று வாரம் ஆகிறது. மனைவி நோராவுக்கு அது முப்பது வாரம்.)

நோரா: மேசையில் என்ன அது, கொக்கோவா?

மைக்கேல்: பன்றி ரத்தம். உலர்த்திய தூள். தண்ணீர் விட்டுக் கரைத்தால் பழையபடி ரத்தம்.

நோரா: அம்மா உயிரோடு இருந்திருந்தால் உன்னைக் கொட்டிலில் படுக்க வைத்திருப்பாள். பன்றி அறுக்கும் நாளில் சட்டியைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் உறையாமல் இருக்கக் கையை விட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பாள். விரலில் நூல் நூலாகச் சுற்றிக்கொள்ளும், வழித்து எறிவாள்.

மைக்கேல்: இதில் நூலும் இல்லை, பன்றியின் கூச்சலும் இல்லை.

நோரா: பிறை பார்த்தாயா? தேய்பிறையில் அறுத்தால் கறி சட்டியில் சுருங்கிவிடும் என்பார்கள்.

மைக்கேல்: பொட்டலத்தில் காலாவதித் தேதி போட்டிருக்கிறது. அறுத்த அன்று நிலவு எப்படி இருந்தது என்று போடவில்லை.

நோரா: மசாலா?

மைக்கேல்: மிளகு, ஜாதிபத்திரி, கிராம்பு. கிளானகில்ட்டி புட்டிங்கின் மசாலா 1880களிலிருந்து ரகசியமாம். நேற்று இரவு நான் கண்டுபிடித்துவிட்டேன்.

நோரா: எப்படி?

மைக்கேல்: ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி யோசித்தேன்.

நோரா: குறட்டை விட்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குடலைக் கழுவினாயா?

மைக்கேல்: உப்பிட்டு வந்த குடல்தானே? ஊற வைத்திருக்கிறேன்.

நோரா: உள்பக்கம் யார் கழுவுவது? இப்படிக் குடலின் வாயைக் குழாயில் மாட்டு. மெதுவாகத் திற... மெதுவாக என்றேன்!

(குடல் பாம்பாக எழும்பி மைக்கேலின் கண்ணாடியை நனைக்கிறது.)

மைக்கேல்: ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. சரி, வெந்ததும் தொங்கவிட உத்தரத்தில் கொக்கி அடிக்க வேண்டும். ஏணி எங்கே?

நோரா: பக்கத்து வீட்டில். கேட்டு வாங்கிப் போய் மூன்று வருடம் ஆகிறது.

(புனல், கரண்டிக் காம்பு, கட்டைவிரல். கலவை குடலுக்குள் இறங்குகிறது.)

நோரா: இறுக்கி அடைக்காதே. ஓட்ஸ் வேகும்போது உப்பும்.

மைக்கேல்: தொளதொளவென்று இருந்தால் யார் மதிப்பார்கள்?

(அரை மணி நேரம் கழிகிறது. பெரிய பானை தளதளவென்று கொதிக்கிறது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம்.)

நோரா: ஏன் இப்படிக் கொதிக்கிறது? எண்பது டிகிரி போதும். தண்ணீர் முணுமுணுக்க வேண்டும், கத்தக் கூடாது. ஊசி எங்கே?

மைக்கேல்: எதற்கு?

நோரா: குத்திப் பார்க்க. சிவப்பாகக் கசிந்தால் வேகவில்லை. பழுப்பாக வந்தால் வெந்துவிட்டது.

மைக்கேல்: குத்தத் தேவையில்லை. தானே திறந்துகொண்டது.

(இன்னொரு 'டப்'.)

மைக்கேல்: கார்க் நகரத்தில் ஓட்ஸே போடாமல் திரிஷீன் என்று ஒரு ரத்தப் புட்டிங் செய்கிறார்களே. ஓட்ஸ் வெளியே போனால் போகட்டும்.

நோரா: திரிஷீனும் குடலுக்குள்ளேதான் இருக்கும். அது சரி, வெள்ளை எந்தப் பானையில்?

மைக்கேல்: இருப்பது ஒரே பானைதானே.

நோரா: (எட்டிப் பார்க்கிறாள்.) போன வாரம் உன் வெள்ளைச் சட்டையைக் கறுப்புக் காலுறையோடு சேர்த்துத் துவைத்தாயே, அதே நிறம்.

மைக்கேல்: வறுத்தால் தெரியாது.

(வறுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வாய். நீண்ட மௌனம்.)

மைக்கேல்: கிராம்பு கொஞ்சம் தூக்கலோ?

நோரா: பல் வைத்தியரிடம் போய் வந்த மாதிரி இருக்கிறது.

மைக்கேல்: அந்தக் காலத்தில் பன்றி அறுத்த வீட்டிலிருந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஒரு பங்கு போகுமே. நாமும் அனுப்பினால் என்ன?

நோரா: அனுப்பலாம். முதல் தட்டு ஏணிக்காரனுக்கு.

மைக்கேல்: உனக்குத்தான் எவ்வளவு நல்ல மனம், நோரா!

நோரா: ஏணி வந்து சேரும்வரை தினமும் ஒரு தட்டு.