கடைசி வாரத்தின் முதல் நாள்

மறுபடியும் நீட்டிப்பு! ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை ஆராயும் நாடாளுமன்றக் கூட்டுக் குழு இனிமேல் குளிர்காலக் கூட்டத்தொடரின் கடைசி வாரத்தின் முதல் நாளில் அறிக்கை தருமாம்.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டியது என் தப்பு. "அது என்னைக்குடா வருது?" என்றார். கூட்டத்தொடர் முடிகிற தேதி தெரிந்தால்தானே கடைசி வாரம் தெரியும்?

"எப்போ முடியும்?"

"எப்போ ஆரம்பிக்கும்னே இன்னும் அறிவிக்கலப்பா."

மனுஷன் விடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போய் தினசரி காலண்டரைப் புரட்ட ஆரம்பித்தார். "சரி, போன தடவை என்ன சொன்னாங்க?" மழைக்காலக் கூட்டத்தொடரின் கடைசி வாரத்தின் முதல் நாள். "அதுக்கு முன்னாடி?" பட்ஜெட் கூட்டத்தொடரின் கடைசி வாரத்தின் முதல் நாள்! 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று எழுதி மாட்டியிருக்கும் கடைக்காரரே இவர்களிடம் பாடம் படிக்கலாம்.

இந்தக் குழுவில் இருக்கிற 39 பேர் அப்படி என்னதான் ஆராய்கிறார்கள்? இதே விஷயத்தை 2015-லேயே நம்ம தமிழ்நாட்டு எம்.பி.யாக இருந்த சுதர்சன நாச்சியப்பன் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தாயிற்று. அப்புறம் முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் குழு 191 நாளில் 18,626 பக்கம் எழுதித் தள்ளியது. ஆராய்ந்ததையே இப்போது மறுபடியும் ஆராய்கிறார்கள். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. உள்ளே பேசுவது ரகசியமாம். வெளியே வந்ததும் ஆளுக்கொரு மைக்கில் கொட்டுவது தனிக்கதை.

சரி, அறிக்கை வந்துவிட்டால் மட்டும்? வெறும் பரிந்துரைதான், அரசு கேட்டால் கேட்கும். மக்களவைத் தேர்தலில் 18 வயதிலேயே போட்டியிட விடலாம் என்று 2023-ல் நிலைக்குழு சொன்னது. இன்னும் 25-தான். ஒருவர் இரண்டு தொகுதிக்கு மேல் நிற்கக் கூடாது என்று 1990-ல் தேர்தல் சீர்திருத்தத்துக்கான கோஸ்வாமி குழு சொன்னது 1996-ல் சட்டமானது. ஆறு வருஷம். அன்றைக்குத் திட்டியிருப்போம், இன்றைக்குப் பார்த்தால் அது எக்ஸ்பிரஸ் வேகம்.

அப்பா இன்னும் காலண்டர் முன்னால்தான் நிற்கிறார். தோராயமாக ஒரு தேதியில் பேனாவால் சுழித்து வைக்கலாம் என்று பார்த்தால் டிசம்பர் 15-க்கு அப்புறம் தாளே இல்லை. யாரோ பால் கணக்கு எழுதக் கிழித்திருக்கிறார்கள். ஏங்க, வீட்டில் வேறு காகிதமே கிடையாதா? அதுவும் முன்பக்கத்தை விட்டுவிட்டு அடியிலிருந்தா கிழிப்பார்கள்?