அட்ரினலின் வண்டியில் இருந்தால் மட்டும் போதாது, போடவும் விடணும்

108 ஆகட்டும், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தனியார் ஆம்னி ஆகட்டும், நோயாளியை ஏற்றுகிற எந்த வண்டியும் அட்ரினலின் இல்லாமல் ஓடக்கூடாது. எஃப்.சி. எடுக்க வரும்போதே இதையும் கேட்கணும். கடும் ஒவ்வாமையில் உயிரைக் காப்பாற்றும் ஊசி மருந்து இது, ஒன்றும் அபூர்வ மருந்து இல்லை. 1 மில்லி ஆம்பூல் (கண்ணாடிக் குப்பி), உள்ளே 1 மில்லிகிராம். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட ஆகாது.

கதண்டு கொட்டியது, இறால் ஒத்துக்கொள்ளாதது, ஆன்டிபயாடிக் ஊசி என்று ஒவ்வாமைக்குக் காரணம் பல. இதில் யாரும் பேசாத ஒன்று பாம்புக்கடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்தை ட்ரிப்ஸில் ஏற்றிவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜி.எச்.சுக்கு அனுப்புகிறார்கள். அந்த மருந்தே கடும் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. பாதி வழியில் உடம்பு தடித்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கினால் வண்டியில் இருப்பவர் ட்ரிப்ஸை நிறுத்தலாம். அதற்கப்புறம்?

அவிலும் (அலர்ஜி ஊசி) டெக்ஸாவும் (ஸ்டீராய்டு ஊசி) போடுவார்கள், நம்ம ஊர்ப் பழக்கம் அது. அவில் அரிப்பைக் குறைக்கும். இறங்கிய பிரஷரை ஏற்றாது, வீங்கிய தொண்டையைத் திறக்காது. டெக்ஸா வேலை செய்யவே மணிக்கணக்காகும். இது இரண்டும் அட்ரினலினுக்குப் பிறகுதான், பதிலாக அல்ல.

அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 0.15 மில்லி, பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லி. 1 மில்லி சிரிஞ்ச், ஒரு இஞ்ச் ஊசி, தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். கையில் வேண்டாம், தோலுக்கடியில் வேண்டாம். 5 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு டோஸ். அதனால் வண்டிக்கு ஒரு ஆம்பூல் போதாது. நோயாளி படுத்தே இருக்கணும், கால் உயர்ந்திருக்கணும். மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம், ஆனால் எழுப்பி நடக்க விடாதீர்கள். பிரஷர் இறங்கியவரை ஸ்ட்ரெச்சருக்கு நடத்திக் கூட்டிப்போய் அங்கேயே இதயம் நின்ற கேஸ்கள் உண்டு.

உண்மையான பயம் வேறு. இதயம் நின்றவருக்கு இதே ஆம்பூல் முழுசாக, 1 மில்லிகிராம், நரம்பில், அதாவது ரத்தக்குழாயில், போகிறது. அந்தப் பழக்கத்தில் ஒவ்வாமைக்காரருக்கும் நரம்பில் தள்ளினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். இதைக் காட்டித்தான் "ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் கையில் கொடுக்காதே" என்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த வாதத்தைக் கடந்துவிட்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் 1999 சட்டம் ஆம்புலன்ஸில் மருந்து இருக்கணும் என்றதோடு நிற்கவில்லை, டெக்னீஷியன் அதைப் போடலாம் என்றும் சொன்னது. அப்போது கையில் இருந்தது ஆட்டோ இன்ஜெக்டர் பேனா, அதாவது அளவு நிரப்பியே வரும், தொடையில் அழுத்தினால் தானே மருந்தை ஏற்றும் ஊசி. 2016-ல் எபிபென் என்ற பிராண்டின் இரண்டு பேனா பெட்டி 600 டாலரைத் தாண்டியது, ஒன்றரை வருடத்துக்குள் காலாவதியும் ஆகிவிடும். அதற்கு முன்பே சியாட்டிலைச் சுற்றியுள்ள கிங் கவுண்டி பேனாவை விட்டு மருந்துக் குப்பி, சிரிஞ்ச் என்று மாறிவிட்டது. நியூயார்க் மாநிலம் கொடுத்த சிரிஞ்சில் 0.15 மில்லி, 0.3 மில்லி என்று இரண்டே கோடுகள். தப்பாக இழுக்கும் வாய்ப்பைக் குறைக்கும் ஏற்பாடு.

நமக்குப் பேனா கனவே வேண்டாம், சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது. மாதிரி இங்கேயே இருக்கு. தடுப்பூசி போடப் போகும் கிராம சுகாதார செவிலியருக்கான அனாஃபிலாக்ஸிஸ் (கடும் ஒவ்வாமை) கிட்டில் ஆம்பூல், சிரிஞ்ச், ஊசி எல்லாம் மூன்று மூன்று, கூடவே வயதுவாரி அளவு எழுதிய அட்டை. டாக்டர் வரும் முன்பே ஒரு டோஸ் தொடையில் போட அவருக்கு அனுமதி உண்டு. சைரன் வைத்த வண்டிக்கு ஏன் கூடாது?

பராமரிப்பிலும் கோட்டை விடுவார்கள். அட்ரினலினுக்கு வெளிச்சமும் சூடும் ஆகாது, 25 டிகிரிக்குக் கீழே இருக்கணும். கத்திரி வெயிலில் டாஷ்போர்டில் கிடந்தால் வீண்தான். அட்டைப் பெட்டியை விட்டு எடுக்காமல் நோயாளி பக்கம், ஏசி படும் அலமாரியில் வையுங்கள். பழுப்போ இளஞ்சிவப்போ ஏறியிருந்தால், துகள் மிதந்தால் தூக்கிப் போடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது ஆக்சிஜன் பார்ப்பவர் இதன் காலாவதித் தேதியையும் பார்த்து எழுதட்டும்.

போட்ட அளவையும் நேரத்தையும் ரெஃபரல் சீட்டில் எழுதி, காலி ஆம்பூலோடு கேஷுவாலிட்டியில் கொடுங்கள். தெளிந்துவிட்டார் என்று பாதி வழியில் வீட்டுக்குத் திருப்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்ப வரலாம், அப்போது வண்டி அடுத்த கேஸுக்குப் போயிருக்கும்.