அந்த மரண மெட்டு லிஸ்ட் இயற்றியது அல்ல

பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் தன் 'டோட்டன்டான்ஸ்' ('மரண நடனம்') என்ற இசைப் படைப்புக்காகவே அந்த அச்சமூட்டும் மரண மெட்டை உருவாக்கினார் என்று ஒரு தகவல் சுற்றிவருகிறது. அது தவறு.

மெட்டு 'டியெஸ் ஈரே', அதாவது 'சினத்தின் நாள்' என்ற லத்தீன் பாடலுடையது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இறந்தோருக்கான கத்தோலிக்கத் திருப்பலியில் பல நூற்றாண்டுகள் பாடப்பட்டது. லிஸ்டும் இதை மறைக்கவில்லை. டோட்டன்டான்ஸின் துணைத்தலைப்பிலேயே டியெஸ் ஈரேயின் பெயரைப் போட்டிருக்கிறார்!

சரி, கடன் வாங்கும் யோசனையாவது அவருடையதா? 1830 டிசம்பரில் பாரிஸில் அரங்கேறிய 'சிம்பொனி ஃபான்டாஸ்டிக்' படைப்பின் கடைசிப் பகுதியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் இதே மெட்டை மணியோசையோடு ஒலிக்கவிட்டார். கேட்டவர்களில் 19 வயது லிஸ்டும் ஒருவர். அப்புறம் அந்த சிம்பொனி முழுவதையும் அவரே பியானோவுக்கு மாற்றி எழுதினார். டோட்டன்டான்ஸில் அவருடையது அந்தப் பழைய மெட்டை விதவிதமாக மாற்றி வளர்த்த விதம், அது அபாரமானது.